தகிட... தக... இதுதான் பாஸ் 'டேக் ஃபைவ்'!

ஒரு சின்ன விளையாட்டு. கையில் இருக்கிற மொபைலை ஒரு நிமிஷம் கீழே வைங்க. பக்கத்தில் டேபிளோ, பெஞ்சோ, அட... ஃப்ரெண்டோட முதுகோ எது இருந்தாலும் ஓ.கே. மெதுவா தட்டுங்க.

தகிட... தக... தகிட... தக...

மூணும் ரெண்டும் அஞ்சு. வருதா? கொஞ்ச நேரம் விடாம தட்டிப் பாருங்க. கால் தானா ஆடும். ஆனா, எங்கேயோ ஒரு இடத்துல இடறுற மாதிரியும் இருக்கும். நாம கேட்டு வளர்ந்த பாட்டுகளில் பாதிக்கு மேல் நாலு நாலா நடக்குற பாட்டுகள். இது அஞ்சு அஞ்சா நடக்குது. இடறுற மாதிரி இருக்கும், ஆனா விழாது. அதுதான் மேட்டர்!

இந்த இடறல் எனக்கு அறிமுகமானது ஒரு கேசட் வழியாக. அப்போதெல்லாம் ஊருக்கு நாலு ரெக்கார்டிங் கடை இருக்கும். காலி கேசட்டையும், ஒரு பேப்பரில் எழுதிய பாட்டு லிஸ்ட்டையும் கொடுத்தால், மூணு நாள் கழித்துப் பதிந்து கொடுப்பார்கள். நான் கொடுத்தது சுத்தமான இளையராஜா லிஸ்ட். வாங்கி வந்து கேட்டால், 'பி' பக்கத்தின் கடைசியில் நான் கேட்காத ஒன்று ஓடியது. டேப்பில் மிச்சம் இருந்த ஐந்து நிமிடத்தை வீணாக்க வேண்டாமென்று கடைக்காரர் தனக்குப் பிடித்ததைப் போட்டு நிரப்பியிருக்கிறார். அட்டையில் 'எக்ஸ்ட்ரா மியூசிக்' என்று மட்டும் பேனாவில் எழுதியிருந்தது.

முதலில் டிரம்ஸ். பிறகு பியானோ, ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப, யாரோ மாடிப்படி ஏறி இறங்குகிற மாதிரி. அதன்மேல் புகை மாதிரி மிதந்து வந்தது ஒரு சாக்ஸபோன். கேட்டுக்கொண்டே இருக்கும்போது... கட்! டேப் தீர்ந்துவிட்டது. அந்தப் பாட்டு எப்படி முடிகிறது என்று பல வருடம் எனக்குத் தெரியாது.

ஹாஸ்டல் அறையில் அதைப் போட்டபோது, பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த நண்பன் எழுந்து உட்கார்ந்தான். சின்ன வயசிலிருந்து மிருதங்கம் கற்றவன். தொடையில் ரெண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, "டேய், இது கண்டம்டா! வெள்ளைக்காரன் கண்ட நடையில வாசிக்கிறான்டா!" என்றான். அன்றைக்கு ராத்திரி அந்தக் கேசட்டைப் பென்சில் விட்டுச் சுற்றிச் சுற்றியே விரல் வலித்தது.

அந்தப் பாட்டின் பெயர் 'டேக் ஃபைவ்'. வாசித்தது 'டேவ் புருபெக் குவார்டெட்'. பதிவானது 1959ல். நீங்க இதை எங்கேயாவது கண்டிப்பா கேட்டிருப்பீங்க... ஹோட்டல் லாபியில், விளம்பரத்தில், யாரோ ஒருவரின் ரிங்டோனில். பெயர்தான் தெரிந்திருக்காது. ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்குப் பின்னால் இருக்கிற கதை இருக்கே... அது கல்லூரி மாணவர்கள் அவசியம் தெரிஞ்சுக்க வேண்டிய கதை. ஏன்னா, அந்த இசைக்குழுவைத் தூக்கி நிறுத்தினதே கல்லூரிகள்தான்!

நோட்ஸ் படிக்கத் தெரியாத மாணவன்

டேவ் புருபெக் பிறந்தது 1920ல், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில். அப்பா மாட்டுப் பண்ணை பார்த்துக்கொள்கிறவர். அம்மா பியானோ டீச்சர். பையன் குதிரையில் போகும்போது, குதிரைக் குளம்புச் சத்தத்துக்கு மேல் இன்னொரு தாளத்தை மனசுக்குள் போட்டுப் பார்ப்பானாம். நம்ம ஊரில் மாட்டுவண்டிச் சத்தத்துக்குப் பாட்டுக் கட்டுகிற மாதிரிதான்.

கால்நடை மருத்துவம் படிக்கத்தான் கல்லூரியில் சேர்ந்தார். மனசெல்லாம் பக்கத்து இசைத் துறையில். அங்கே மாறினார். கடைசி வருடத்தில்தான் குட்டு உடைந்தது. பிரமாதமாக வாசிக்கிற இந்த மாணவனுக்கு, எழுதிவைத்த இசைக் குறிப்பைப் பார்த்து வாசிக்கத் தெரியாது! டிகிரியே தரமுடியாது என்கிற நிலைமை. சில பேராசிரியர்கள் இவருக்காக வாதாடினார்கள். கடைசியில் ஒரு கண்டிஷன்: 'வாழ்க்கையில் யாருக்கும் பியானோ சொல்லித் தரமாட்டேன்' என்று வாக்குக் கொடுத்தால் டிகிரி! கொடுத்தார். 1942ல் பட்டம் வாங்கினார். அரியர் வைத்திருக்கும் அன்பர்கள் தெம்பாக இருக்கலாம்.

அப்புறம் இரண்டாம் உலகப் போர். பட்டாளத்தில் பிரான்ஸ் வரை போனார். செஞ்சிலுவைச் சங்கத்தின் கலைநிகழ்ச்சி ஒன்று வீரர்களுக்காக வந்தபோது, 'யாருக்காவது பியானோ வாசிக்கத் தெரியுமா?' என்று கேட்டார்கள். இவர் கை தூக்கினார். வாசிப்பைக் கேட்ட அதிகாரி, இவரைச் சண்டைக்கு அனுப்பாமல் ஒரு பேண்ட் அமைக்கச் சொல்லிவிட்டார். அந்த பேண்டில் கறுப்பரையும் வெள்ளையரையும் சேர்த்தே உட்கார வைத்தார் புருபெக். அமெரிக்கப் படையில் இரண்டு நிறத்தவரும் தனித்தனியாக வைக்கப்பட்டிருந்த காலம் அது.

அவருக்கு அந்தத் துணிச்சல் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சிறுவனாக இருந்தபோது, அப்பா தனக்குத் தெரிந்த ஒரு கறுப்பினப் பெரியவரிடம் அழைத்துப் போய், 'சட்டையைத் திறந்து பையனுக்குக் காட்டுங்க' என்றாராம். அவர் மார்பில், மாட்டுக்குப் போடுவதுபோல் சூடு போட்ட தழும்பு. 2001ல் வெளிவந்த ஜாஸ் வரலாற்று ஆவணப் படத்தில் இதைச் சொல்லும்போது, முதிய புருபெக் பேசமுடியாமல் அழுதார்.

போஸ்ட் கார்டு போட்ட மனைவி

போர் முடிந்து திரும்பினால், வருமானம் இல்லை. ஜாஸ் என்றால் அப்போது புகை மண்டிய நைட் கிளப்தான். மது, சூது, ராத்திரி ரெண்டு மணி. 'இந்த இசையை ஏன் படிக்கிற பிள்ளைகள்கிட்ட கொண்டுபோகக் கூடாது?' என்று யோசித்தவர், புருபெக்கின் மனைவி அயோலா. கல்லூரிகளின் முகவரிகளைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தானே கடிதம் எழுதினார். 'உங்க கேம்பஸுக்கு வந்து வாசிக்கிறோம்' என்று.

நடந்தது. 1953ல் ஓபர்லின் கல்லூரியில் வாசித்தது லைவ் ரெக்கார்டாக வந்தது. 1954ல் 'ஜாஸ் கோஸ் டு காலேஜ்' என்ற ஆல்பம். தலைப்பே சொல்லுதே! அதே வருடம் நவம்பரில் 'டைம்' பத்திரிகையின் அட்டையில் புருபெக் முகம். ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த இடத்தில், ஹோட்டல் அறைக் கதவைத் தட்டி அந்த இதழை நீட்டியவர் யார் தெரியுமா? ஜாஸ் உலகத்தின் பெரியவர் டியூக் எலிங்டன். புருபெக்குக்குச் சந்தோஷமே வரவில்லையாம். 'இந்த அட்டையில் முதலில் இவர் அல்லவா வந்திருக்க வேண்டும்? நான் வெள்ளைக்காரன் என்பதால் முந்திக்கொண்டேனோ?' என்ற உறுத்தல் கடைசிவரை இருந்தது.

"மைக் ரிப்பேர், முன்னாடி வாங்க!"

குழுவில் நாலு பேர். பியானோவில் புருபெக். சாக்ஸபோனில் பால் டெஸ்மாண்ட், ஒல்லியான, கண்ணாடி போட்ட, நக்கல் பேர்வழி. டிரம்ஸில் ஜோ மோரெல்லோ. பார்வை ரொம்பக் குறைவு. ஆனால் கை மின்னல். 1958ல் டபுள் பேஸுக்கு வந்து சேர்ந்தார் யூஜின் ரைட். நால்வரில் இவர் மட்டும் கறுப்பர்.

1958 பிப்ரவரி. தெற்கே வட கரோலினாவில் ஒரு கல்லூரியின் ஜிம் ஹாலில் கச்சேரி. மாணவர்கள் நிரம்பி வழிகிறார்கள். மேடை ஏறப்போகும் நேரத்தில் நிர்வாகம் சொல்கிறது... 'அந்த பேஸ் வாசிக்கிறவர் மேடை ஏறக்கூடாது.' புருபெக் பதில் ஒரே வரி: அவர் இல்லாமல் நாங்கள் இல்லை. நேரம் ஓடுது. உள்ளே மாணவர்கள் தரையைக் காலால் உதைத்து அதிர வைக்கிறார்கள். நிர்வாகம் மேலிடத்துக்கு போன் போட்டுப் பேசுகிறது. கடைசியில், 'சரி, வாசிக்கட்டும். ஆனால் பின்னாடி, கண்ணில் படாமல் நிற்கணும்' என்று உத்தரவு.

புருபெக் தலையாட்டிவிட்டு மேடை ஏறினார். ரெண்டு பாட்டு போனது. அப்புறம் யூஜின் ரைட்டைப் பார்த்து, 'உங்க மைக் ரிப்பேர். முன்னாடி வந்து என் மைக்கில் வாசிங்க' என்று கூப்பிட்டார். ரைட் மேடையின் நட்டநடுவுக்கு வந்து தனி ஆவர்த்தனம் வாசித்தார். பின்னாடி நிற்கச் சொன்ன உத்தரவு ரைட்டின் காதுக்கே போகவில்லை. ஹால் அதிர்ந்தது. அந்த மாணவர்கள் யாருக்கும் நிறம் ஒரு பிரச்னையாகவே இல்லை. பிரச்னை ஆபீஸ் ரூமில் இருந்தவர்களுக்குத்தான்!

மெட்ராஸுக்கு வந்த நால்வர்

அந்தச் சம்பவம் நடந்த கையோடு, அதே நால்வரை அமெரிக்க அரசாங்கம் உலகச் சுற்றுப்பயணத்துக்கு அனுப்பியது. பனிப்போர் காலம். 'எங்கள் நாடு சுதந்திரமான நாடு பாருங்கள்' என்று காட்ட ஜாஸ்தான் தூது. சொந்த ஊரில் பின்வரிசையில் நிற்கச் சொல்லப்பட்டவர், வெளியூரில் நாட்டின் தூதர்! இந்த முரணை வைத்தே பின்னால் புருபெக்கும் அயோலாவும் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்குக்காக 'தி ரியல் அம்பாசடர்ஸ்' என்று ஓர் இசை நாடகமே எழுதினார்கள். 1962ல் அது மேடையேறியது.

போலந்து, துருக்கி, ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியா, இலங்கை, ஈரான், ஈராக்... சுற்றினார்கள். இந்தியாவில் பம்பாய், கல்கத்தா, நம்ம மெட்ராஸ் எல்லாம் உண்டு. நம்மூர்த் தாளக் கலைஞர்களோடு உட்கார்ந்து வாசித்தபோது, மோரெல்லோ அசந்துபோனார். ஐந்தும் ஏழும் ஒன்பதும் இங்கே குழந்தைகள் வாயாலேயே சொல்லும் கணக்கு அல்லவா!

இஸ்தான்புல் தெருவில் ஒரு காட்சி. தெருப் பாடகர்கள் ஒரு விசித்திரத் தாளத்தில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். தக தக தக தகிட. ரெண்டு ரெண்டு ரெண்டு மூணு. மொத்தம் ஒன்பது. 'இது என்ன தாளம்?' என்று அங்கிருந்த வாத்தியக்காரர்களிடம் கேட்டார் புருபெக். உங்களுக்கு ப்ளூஸ் எப்படியோ, எங்களுக்கு இது அப்படி என்று பதில் வந்தது. ஊருக்குத் திரும்பிய புருபெக்கின் மனசில் ஓர் எண்ணம் குடைய ஆரம்பித்தது. நாம் மட்டும் ஏன் எப்போதும் நாலு நாலாகவே நடக்கிறோம்?

சர்ச்சுக்குள் ஒரு ஸ்டூடியோ

'தாளங்களை மாற்றி மாற்றி ஒரு முழு ஆல்பம்' என்று அவர் சொன்னபோது, கம்பெனியில் பலருக்கு வயிற்றைக் கலக்கியது. டான்ஸ் ஆட முடியாது. எல்லாமே புதுப் பாட்டு, தெரிந்த மெட்டு ஒன்றுகூட இல்லை. அட்டையில் போட்டோ இல்லாமல் மாடர்ன் ஆர்ட் வேற! 'முதலில் ஜனங்களுக்குத் தெரிந்த பழைய பாட்டுகளாக ஒரு ஆல்பம் பண்ணிக் கொடுங்க, பிறகு பார்க்கலாம்' என்றார்கள். பண்ணிக் கொடுத்தார்.

நியூயார்க்கின் 30வது தெருவில் ஒரு பழைய சர்ச்சை ஸ்டூடியோவாக மாற்றியிருந்தார்கள். உயர்ந்த கூரை. தட்டினால் சத்தம் நின்று, மெதுவாக இறங்கும். அதே 1959ல், சில மாதங்களுக்கு முன்னால் அதே ஹாலில்தான் மைல்ஸ் டேவிஸ் 'கைண்ட் ஆஃப் புளூ' பதிவு செய்தார். ஜாஸில் இன்றைக்கும் ஜனங்கள் முதலில் தேடிப் போகிற இரண்டு ஆல்பங்கள், ஒரே வருடம், ஒரே கூரைக்குக் கீழே! இன்றைக்கு அந்தக் கட்டடம் இல்லை.

மோரெல்லோ ஓய்வு நேரத்தில் ஐந்து கணக்கில் தட்டிக்கொண்டே இருப்பார். 'அதற்கு ஒரு மெட்டுப் போட்டுக் கொடேன்' என்று டெஸ்மாண்டிடம் கேட்டார்கள். அவர் ரெண்டு துண்டு மெட்டுக் கொண்டு வந்தார். இரண்டையும் புருபெக் ஒட்டவைத்தார். முதல் நாள், மறுபடி மறுபடி எடுத்தும் சரியாக வரவில்லை. யாராவது ஒருவர் தாளத்தில் தவறி விழுந்துகொண்டே இருந்தார்கள். தடுக்கி விழக்கூடாது என்பதற்காகத்தான் புருபெக் அந்த 'மாடிப்படி' மெட்டைப் பாட்டு முழுக்கப் பிடித்துக்கொண்டே இருந்தார். கவனிச்சுக் கேளுங்க... குழுவின் தலைவர், பாட்டு முழுக்க, அடுத்தவர்கள் விழாமல் இருக்கக் கைப்பிடிச் சுவர் மாதிரி நின்றுகொண்டிருப்பார்.

ஜூலை 1ந் தேதி, மாட்டியது!

ஆல்பம் பெயர் 'டைம் அவுட்'. விமர்சகர்கள் சிலர் உதட்டைப் பிதுக்கினார்கள். ஜனங்கள் வாங்கினார்கள். 1961ல் 'டேக் ஃபைவ்' தனி ரெக்கார்டாகப் பரவி, பாப் பாட்டுகளின் பட்டியலிலேயே 25வது இடம் வரை ஏறியது. ஆல்பம் 2வது இடம் தொட்டது. ஆடமுடியாது என்று சொன்ன தாளத்துக்கு ஊரே காலாட்டியது.

வேண்டாம் என்று சொன்ன பணம்

இங்கேதான் கதையின் முக்கியமான இடம். ஆல்பம் வெளிவந்த சூடு. தென் மாநிலக் கல்லூரிகளில் 25 கச்சேரிகள் 1960ல் ஏற்பாடாகியிருந்தன. இருபதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஒரே கடிதத்தை வேறு வேறு வார்த்தையில் எழுதின: 'பேஸ் வாசிக்க ஒரு வெள்ளைக்காரரை மாற்றிக்கொண்டு வாருங்கள்.'

யோசிச்சுப் பாருங்க. நாலு காசு பார்க்கிற நேரம். வீட்டில் வரிசையாகப் பிள்ளைகள். யூஜின் ரைட்டுக்கு ஒரு மாதம் லீவு கொடுத்துவிட்டு, வேறு ஆளை அழைத்துப் போயிருக்கலாம். கேட்க யாரும் இல்லை. புருபெக் கச்சேரிகளை விட்டார். ஆயிரக்கணக்கான டாலர் போச்சு. அந்தக் காலத்து டாலர்!

ஐந்து கணக்கில் ஒரு தட்டை எடுத்துட்டா நாலு. வாசிக்கிறதுக்கு ஈஸி. ஆனா அது 'டேக் ஃபைவ்' இல்லை. அந்த மனுஷனுக்கு அது தாளத்திலும் தெரிஞ்சிருக்கு, வாழ்க்கையிலும் தெரிஞ்சிருக்கு.

ஷேவிங் மெஷினும் செஞ்சிலுவையும்

'டேக் ஃபைவ்' மெட்டுக்குச் சொந்தக்காரரான டெஸ்மாண்ட், ஆரம்பத்தில் அதைப் பெரிதாக நினைக்கவே இல்லை. ராயல்டியை யாராவது ஒரு செகண்ட் ஹேண்ட் எலெக்ட்ரிக் ஷேவருக்குக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று ஜோக் அடிப்பாராம். 1977ல், 52 வயதில், புற்றுநோயில் இறந்துபோனார். உயிலைப் பிரித்துப் பார்த்தால், அந்தப் பாட்டின் வருமானம் முழுக்க அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு! வெள்ளம், புயல் என்று எங்கோ யாருக்கோ போர்வையும் மருந்தும் போய்ச் சேருவதில் அந்தச் சாக்ஸபோனின் பங்கும் இருக்கிறது. போர்க்களத்தில் புருபெக்கைக் காப்பாற்றியதும் செஞ்சிலுவையின் பியானோதான். தற்செயல்தான், ஆனாலும் அழகான தற்செயல்.

குவார்டெட் 1967ல் கலைந்தது. மோரெல்லோ 2011ல் மறைந்தார். 2012 டிசம்பர் 5ந் தேதி, 92வது பிறந்தநாளுக்கு ஒரு நாள் முன்னதாக, புருபெக் போனார். கடைசியாக, 2020 டிசம்பரில் யூஜின் ரைட். நால்வரும் இப்போது இல்லை.

லாகூரிலிருந்து ஒரு பதில்

1958 பயணத்தில் லாகூரில் நடந்த கச்சேரிக்கு, ஒரு அப்பா தன் எட்டு வயசுப் பையனை அழைத்துப் போயிருந்தார். பையன் பெயர் இஸ்ஸத் மஜீத். வளர்ந்து, வியாபாரத்தில் சம்பாதித்து, லாகூரில் ஒரு ஸ்டூடியோ கட்டினார். அங்கே சினிமாத் துறை படுத்துவிட்டதால், வயலினும் தபலாவும் வாசித்த பெரிய கலைஞர்கள் வேலையில்லாமல், கிடைத்த தொழிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தேடிப்பிடித்து உட்கார வைத்து, சின்ன வயசில் கேட்டதை வாசிக்கச் சொன்னார். சிதாரும் தபலாவும் வயலின் கூட்டமுமாக 'டேக் ஃபைவ்'! 2011ல் அந்த வீடியோ உலகம் சுற்றியது. தொண்ணூறு வயதில் அதைக் கேட்ட புருபெக், வெகுவாகப் பாராட்டினார்.

இங்கிருந்து போன தாளம், அமெரிக்கா போய், அரை நூற்றாண்டு கழித்துத் திரும்பி வந்து, வேலை இழந்த கிழவர்களை மறுபடி நாற்காலியில் உட்கார வைத்தது. இதைவிட என்ன வேணும் ஒரு பாட்டுக்கு?

அந்தக் கேசட்டில் அறுந்துபோன கடைசிச் சில நொடிகளை, நான் வெகு காலம் கழித்து சி.டி.யில் கேட்டேன். பெரிதாக ஒன்றும் இல்லை. மெட்டின் வால் பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்து, ஆர்ப்பாட்டம் இல்லாமல் அமைதியாக முடித்துக்கொள்கிறார்கள். உடனே நண்பனுக்கு போன் போட்டேன். அவன் இப்போது பேங்க் உத்தியோகத்தில் இருக்கிறான். மிருதங்கம் பரணில் இருக்கிறது. போனை ஸ்பீக்கர் பக்கத்தில் பிடித்தேன். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. டேபிளில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

தகிட... தக...

அடுத்த தடவை உங்க ஹாஸ்டலில் யாராவது உங்களுக்குப் புரியாத எதையாவது போட்டா, 'மாத்துடா' என்று கத்துறதுக்கு முன்னாடி ஒரு ஐந்து நிமிஷம் கொடுங்க. 'டேக் ஃபைவ்' என்றால் 'அஞ்சு நிமிஷம் ரெஸ்ட் எடு' என்றும் அர்த்தம் உண்டு!

கேட்டே ஆகவேண்டிய அஞ்சு!

1. டேக் ஃபைவ் (1959): சாக்ஸபோனை விடுங்க, நடுவில் வரும் மோரெல்லோவின் டிரம்ஸைக் கவனிங்க. அடிகளுக்கு நடுவே விடுகிற இடைவெளிதான் அழகு.

2. புளூ ரோண்டோ அலா டர்க் (1959): இஸ்தான்புல் தெருவில் பிடித்த ஒன்பது. தக தக தக தகிட என்று கூடவே சொல்லிக்கொண்டு கேளுங்க. நடுவில் சட்டென்று நாலுக்கு மாறும், உஷார்!

3. அன்ஸ்கொயர் டான்ஸ் (1961): ஏழு கணக்கு. கைதட்டலும் பேஸும்தான் பிரதானம். ரெண்டு நிமிஷம்தான். கல்ச்சுரல்ஸில் கூட்டத்தைக் கைதட்ட வைக்க சூப்பர் ஐட்டம்.

4. கல்கத்தா புளூஸ் (1958): நம்ம நாட்டுப் பயணத்தின் ஞாபகம். ராத்திரி லைட்டை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டியது.

5. லாகூர் சச்சல் குழுவினரின் டேக் ஃபைவ்: சிதார் ஆரம்பிக்கும்போதே சிரிப்பு வரும். முடியும்போது கண் கலங்கும்.